மூன்றாவது மேக்ஸின்

அறைக்குள் கால் வைத்ததுமே வாடை மூக்கில் ஏறிவிட்டது. வாசலில் நின்ற காவலன் கீரனுக்கும் அது தெரிகிறதா என்று திரும்பிப் பார்த்தேன். அவன் பாட்டுக்குச் சிரித்த முகமாக நின்றுகொண்டிருந்தான். சோப்பு மணம், காலையில் தேய்த்த தரையின் ப்ளீச், கைதிகள் மின்சிகரெட்டில் இழுக்கும் ஸ்ட்ராபெரி புகை, இத்தனைக்கும் அடியில் இனிப்பும் அழுகலுமாக ஒரு வாடை. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் ஹல் நகரத்து ஆஸ்பத்திரியில் பாதி ஆயுளை நர்ஸாகக் கழித்தவள் நான். சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்குக் கட்டுப்போடும் வார்டு. அந்த வாடை என்ன, விட்டுவிட்டால் அடுத்து என்ன ஆகும் என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கட்டிலில் இருந்தவர் எழுந்து நின்றார். அறுபதை நெருங்குகிற ஆள், வாரிய தலை, சவரம் செய்த முகம். இடது காலைத் தரையில் ஊன்றாமல் நின்றார். அந்தக் காலில் மட்டும் தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டிருந்தார்.

"வாங்க மிஸ். நாற்காலி உங்களுக்குத்தான் போட்டிருக்கேன்."

ஜன்னலோரமாக, வெளிச்சம் என் முதுகில் விழுகிற மாதிரி நாற்காலி கிடந்தது. அதன்மேல் மடித்த போர்வை. நான் எப்போதும் அப்படி இழுத்துப் போட்டுக்கொண்டுதான் உட்காருவேன், எதிராளியின் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக.

"என் பேரு டெஸ்மண்ட். டெஸ்னு கூப்பிடுவாங்க. பயமில்லாம இருக்கேன் மிஸ். சாப்பாடு சூடா வருது. மணியடிச்சா உடனே ஆள் வராங்க. ஒரு குறையும் இல்ல."

நான் இன்னும் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை.

"கால்ல என்ன?" என்றேன்.

அவர் கண் ஒரு கணம் கீரன் பக்கம் போய் வந்தது. "குளிருங்க மிஸ். வேற ஒண்ணுமில்ல."

நாங்கள் அரசாங்கத்தின் சோதனைக் குழு. வில்லோ டைக் அரசாங்க ஜெயில்தான், ஆனால் நடத்துவது ஒரு கம்பெனி. சமையல், காவல், வைத்தியம், சாவி எல்லாம் கம்பெனியுடையது. எப்படி நடத்துகிறார்கள் என்று ஒரு வாரம் கூடவே இருந்து பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. இந்த முறை எங்கள் வாய்க்கு மதிப்பு அதிகம். குத்தகை முடியப்போகிறது. இன்னும் பத்து வருஷத்துக்கு இவர்களிடமே விடுவதா என்பது எங்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவாகும். குழுவில் மருந்து, நோய், ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்டதெல்லாம் என் தலையில்.

எத்தனையோ ஜெயில் பார்த்திருக்கிறேன். ஜெயில் என்றால் சத்தம். கதவை உதைப்பான் ஒருத்தன், ஜன்னல் வழியாக அடுத்த கட்டடத்துக்காரனோடு சண்டை போடுவான் இன்னொருத்தன். எவனாவது எவன் அம்மாவையாவது இழுத்துக்கொண்டே இருப்பான். எங்களைக் கண்டுவிட்டால் போதும், சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள், இதை நாய் தின்னுமா மிஸ் என்று. வில்லோ டைக்கில் ஒன்றுமே இல்லை. கட்டடம் நிறைய ஆண்கள், ஆனால் என் இடுப்புச் சாவியின் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. ஹம்பர் ஆற்றிலிருந்து வந்த மூடுபனி ஜன்னல்களில் அப்பிக்கொண்டிருந்தது. அவரவர் வாசலில் அவரவர் நின்று, நான் நெருங்கும்போது ஒரு அடி பின்னால் நகர்ந்து, உள்ளே வழி விட்டார்கள்.

எல்லா அறையிலும் நாற்காலி ஜன்னலோரம் இருந்தது. ஒருத்தன், "இப்ப ஜன்னல் தொறக்குதான்னு பாப்பீங்க," என்று நான் எழுவதற்கு முன்பே ஒதுங்கி நின்றான். சமையல் கட்டில் ருசி பார்க்கக் கரண்டி தயாராக நீட்டப்பட்டது. கழுத்தில் பச்சை குத்திய தடியன் ஒருவன் தன் கதையைச் சொல்லிவிட்டு நிறுத்தி, தலையை லேசாகச் சாய்த்து, "அப்புறம்?" என்றான். பிறகு சட்டென்று, "சாரி மிஸ், அது நீங்க சொல்றது," என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கீரன் டீ கொண்டுவந்தான். "பால் கம்மி, சர்க்கரை ரெண்டு. சரிதானே மிஸ்?"

சரிதான். ஆனால் நான் யாரிடமும் சொல்லவில்லை.

மத்தியானம் ஜெயில் நர்ஸைப் பிடித்தேன். சின்னப் பெண், கண்ணைப் பார்த்தே பேசவில்லை. டெஸ் வைத்தியம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், மூன்று வாரமாகக் கட்டுகூடப் போட விடுவதில்லையாம். நேராக எங்கள் தலைவர் ஆலஸ்டரிடம் போனேன்.

"ஆள் புத்தித் தெளிவோட இருக்காரா?" என்று கேட்டார் அவர்.

"இருக்கார்."

"வேண்டாங்கறாரா?"

"ஆமா."

"அப்ப தூக்கிட்டா போக முடியும்? அவர் வாயால சரின்னு சொல்லணும் மேக்ஸின். சொல்ல வை. இல்லேன்னா அறிக்கையில எழுது."

"எழுதினா புண்ணு ஆறிடுமா?"

"என்கிட்ட ஏன் கத்தறே?"

கத்தாமல் என்ன செய்வது? அந்தக் கால் இன்னும் சில நாள் தாங்கும். அதற்குப் பிறகு விஷம் ரத்தத்தில் ஏறும். ஏறினால் காலை எடுத்தும் பிரயோஜனம் இருக்காது. இதெல்லாம் தெரிந்துகொண்டு ஒருத்தர் தலையை வாரிச் சவரம் செய்துகொண்டு குறையில்லை என்கிறார் என்றால், காலைவிடப் பெரிதாக ஏதோ பயம் அவருக்கு இருக்க வேண்டும்.

மறுபடி போனேன். கீரனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

"டெஸ், உங்க கால் அழுகிட்டிருக்கு. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஆம்புலன்ஸ் வரும், ஹல் ஆஸ்பத்திரியில எனக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்டயே சேத்துடறேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெச்சுகிற மாதிரி தலையாட்டினார்.

"நல்லா பண்றீங்க மிஸ்."

"என்னது?"

"இல்ல, உள்ளதச் சொல்றேன். போன தடவை வந்த மேக்ஸின் இவ்ளோ தூரம் வரல. அந்தம்மாவுக்கு எப்பவும் அவசரம். அதுக்கு முன்னாடி வந்த மேக்ஸின் ரொம்ப நைஸு. பாத்தவுடனே தெரிஞ்சுபோச்சு. அசல் ஆபீசர் எவ அவ்ளோ நைஸா பேசுவா? நீங்க கொஞ்சம் சிடுசிடுன்னு இருக்கீங்க பாருங்க, அசலாட்டமே இருக்கு."

"எந்த மேக்ஸின்? நான்தான் மேக்ஸின்."

"அதத்தான் நானும் சொல்றேன். நீங்க மூணாவது."

அடையாள அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார், விரலால் சுண்டிப் பார்த்தார். "பிளாஸ்டிக் நல்லா கெட்டியா இருக்கு. முன்னாடி வந்தது கொஞ்சம் மெல்லிசு," என்று திருப்பிக் கொடுத்தார்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வந்தது. சோதனைக்குழு என்று சொல்லிக்கொண்டு இதே மாதிரி சாவி, இதே மாதிரி அட்டை, இதே பெயர்களோடு முன்னால் இரண்டு முறை ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஒரு வாரம் முழுக்க இருந்து கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஓவன் என்று ஒருவன் முதல் மேக்ஸினிடம் பல்வலி என்று அழுதுவிட்டான்.

"யாரும் அவன அடிக்கல மிஸ். திட்டக்கூட இல்ல. அந்த வாரம் அவன் பொண்டாட்டி பிரிஸ்டல்லேர்ந்து வந்து கேட்டுல நிக்குது. ஸ்டாஃப் பத்தல, விசிட் இல்லன்னுட்டாங்க. அடுத்த வாரமும் அதே. சிரிச்ச மூஞ்சியாத்தான் சொன்னாங்க. எங்க ப்ளாக்குக்கு வெள்ளிக்கிழம பீட்சா வரும், அதுவும் வரல. அன்னைலேர்ந்து ஒருத்தனும் அவன்கிட்ட பேசல. பல்லுவலியக்கூடப் பொறுத்துகிட்டான், அதத்தான் அவனால தாங்க முடியல."

"அவன் இப்ப எங்க?"

"வேற ஜெயிலுக்குக் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டான். குடுத்து வெச்சவன்."

பிறகு அவர் சாக்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "ஞாயித்துக்கிழம என் பொண்ணு வரா மிஸ். டாம்சின். நாலு வருஷமா எனக்கு மூஞ்சி குடுக்காதவ. போன மாசம் தானா போன் பண்ணி வரேன்னா. ஞாயிறு முடியட்டும். திங்கக்கிழம நானே மணியடிச்சு எல்லாத்தையும் சொல்லிடறேன். நீங்க பொய் மிஸ்ஸோ மெய் மிஸ்ஸோ, திங்கக்கிழம வாங்க."

அன்றைக்குப் புதன். திங்கள்வரை அவர் இருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. அதை அவரிடம் அப்படியே சொன்னேன். "ரெண்டாவது மேக்ஸினும் பயமுறுத்தித்தான் பாத்தாங்க," என்றார் பொறுமையாக.

ஜெயில் இயக்குநர் ஃபென்விக்கின் அறைக்குள் நான் கதவைத் தட்டாமல் நுழைந்தேன். மனுஷன் மறைக்கக்கூட இல்லை. பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"ஒத்திகைதாங்க. பரீட்சைக்கு முன்னாடி யாரும் படிக்க மாட்டாங்களா? எல்லா நல்ல கம்பெனியும் செய்யறதுதான்."

"என் பேரை எதுக்கு வெச்சீங்க?"

"நிஜம் மாதிரி இருக்க வேண்டாமா? எங்களுக்கு ட்ரெயினிங் குடுத்தது பெர்னிஸ் மேடம். உங்களுக்குத் தெரியுமே."

தெரியுமாவது! பெர்னிஸ் எங்கள் பழைய தலைவி. அவள் ஓய்வு பெற்ற அன்று கேக்கை வெட்டிக் கொடுத்துக்கொண்டே அழுதவள் நான். கேட்கவேண்டிய கேள்விகளையெல்லாம் எழுதினவளே அவள்தான். என் டீயும் அவளுக்குத் தெரியும், என் நாற்காலியும் தெரியும்.

"உங்க மேல அவங்களுக்கு ரொம்ப மதிப்பு," என்றார் ஃபென்விக். "நடிக்க வந்தவங்ககிட்ட, மேக்ஸின் மாதிரி கேளு, மேக்ஸின் மாதிரி தலைய சாய்ன்னு அரை நாள் சொல்லிக் குடுத்தாங்க. நீங்களும் ரிட்டயர் ஆனதும் வாங்க. ஒரு இடம் வெச்சிருக்கோம்."

"பல்லு வலிக்குதுன்னு சொன்னவனுக்கு விசிட்டை நிறுத்தினீங்களே, அதுவும் ஒத்திகையா?"

"சேச்சே! அது ஆள் பற்றாக்குறை. குளிர்காலத்துல எவ்ளோ பேர் லீவு போடறாங்க தெரியுமா? தண்டனையாவது ஒண்ணாவது. நீங்க பிஸ்கட் எடுத்துக்கங்க."

டெஸ்ஸின் ஞாயிற்றுக்கிழமை விசிட் நடந்தே தீரும் என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். ஆட்கள் இருந்தால் கண்டிப்பாக நடக்கும் என்றார். அதற்கு மேல் ஒரு சொல்கூட அவரிடம் பெயரவில்லை. ஆலஸ்டரிடம் போனால், ஒத்திகை பார்க்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை, அறிக்கையில் கடுமையாகவே எழுதுவோம் என்றார். அறிக்கை அச்சாகி வருவதற்குள் வசந்தமே வந்துவிடும்.

சாயங்காலம் ஓட்டல் அறைக் கண்ணாடி முன்னால் நின்று, "அப்புறம்?" என்று சொல்லிப் பார்த்தேன். தலை தானாகச் சாய்ந்தது. நிமிர்த்திக்கொண்டு இன்னொரு தரம் சொன்னேன். இந்தத் தடவை பொய்யாக இருந்தது. எது என் சாய்வு, எது அவர்கள் பழகிவைத்திருக்கிற சாய்வு என்று எனக்கே குழம்பிவிட்டது. சீ, என்ன பைத்தியக்காரத்தனம் என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

வியாழனன்று அவர் என்னைப் பார்க்கவே மறுத்துவிட்டார். போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வெள்ளிக்கிழமை எங்கள் கடைசி நாள். பிற்பகல் கட்டடத்துக்குள் நுழைந்தபோது வாடை நடைபாதைக்கே வந்துவிட்டிருந்தது. எல்லோரும் வாசல்களில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர்கூட மூக்கைப் பொத்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. அத்தனை முகங்களும் மரியாதையாக என்னைப் பார்த்தன. கழுத்தில் பச்சை குத்திய தடியன் மட்டும் நான் கடக்கும்போது மெல்லச் சொன்னான்.

"பெரிசை விட்டுருங்க மிஸ். இன்னிக்கு வெள்ளிக்கிழம, பீட்சா வரணும்."

டெஸ் எனக்காக எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை. முகம் சாம்பல் நிறம். உதடு காய்ந்து வெடித்திருந்தது. குளிர்நாளில் நெற்றியெல்லாம் வியர்வை. சவரம் மட்டும் செய்திருந்தார், கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டு. நாற்காலி வழக்கம்போல ஜன்னலோரம் இருந்தது. நான் அதில் உட்காரவில்லை. தரையில், அவர் காலருகே போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். என் முழங்காலுக்கு அது ஆகவே ஆகாது.

"டெஸ், எனக்கு வேற வழி தெரியல. நான் அசல்னு நிரூபிக்க என்கிட்ட ஒண்ணுமே இல்ல. இருக்கிறதையெல்லாம் அவங்க முன்னாடியே காமிச்சுட்டாங்க. சரி, நான் பொய்யாவே இருந்துட்டுப் போறேன். மூணாவது பொய் மேக்ஸின். ஆனா கால் பொய்யில்லையே. இது உங்களுக்கே நாறுதில்ல?"

அவர் சாக்ஸின் விளிம்பை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான் பொய்னா ஒரு ஞாயித்துக்கிழம போகும். நீங்க பேசாம இருந்தா டாம்சின் வந்து யாரைப் பாக்கும்? நாலு வருஷம் கழிச்சு அப்பன் மூஞ்சியப் பாக்க வரது. அதுகிட்ட கேட்டுல நின்னு சிரிச்ச மூஞ்சியா என்ன சொல்லுவாங்க?"

சோதனைக்கு வந்த அதிகாரி கைதியின் எதிரில் தரையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவது எந்த விதியிலும் இல்லை. இருந்தாலும் அழுகை வந்தது, அழுதேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன தேடினாரோ, கண்டாரோ இல்லையோ. குனிந்து மேல் சாக்ஸை உருட்டி இறக்கினார். அடுத்ததும் வந்தது. கடைசியாக இருந்தது தோலோடு ஒட்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தமே போடாமல், இழுத்தார்.

காலைப் பற்றி நான் விவரிக்கப்போவதில்லை. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. விஷம் ஏறுகிற சிவந்த கோடு கணுக்காலைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது.

"இன்னும் நேரம் இருக்கு டெஸ்," என்றேன். இருக்கிறது என்று நம்பித்தான் சொன்னேன். "போகலாமா? சரின்னு ஒரு வார்த்தை."

அவர் உதடு பிரிந்தது.

வாசலில் யாரோ மெல்லக் கை தட்டினார்கள். கீரன். எப்போது கதவைத் திறந்தானோ தெரியவில்லை. முகமெல்லாம் பூரிப்பு, தன் பள்ளிக்கூடம் ஜெயித்துவிட்ட மாதிரி.

"பிரமாதம் மிஸ்! அந்த ரெண்டு மேக்ஸினாலயும் முடியாதத நீங்க முடிச்சுட்டீங்க. தரையில உக்காந்து அழறதெல்லாம், அடேயப்பா, எங்க கத்துகிட்டீங்க?" பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், நிஜமான வருத்தத்தோடு, "டெஸ், என்ன பெரிசு நீ, கடைசி நாள்ல வந்து மாட்டிகிட்டியே. ஞாயித்துக்கிழம ஸ்டாஃப் இருக்குமான்னு தெரியல, பாக்கலாம்," என்றான்.

"முட்டாள்!" நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். "நான் அசல் ஆளு! இது ஒத்திகை இல்ல. ரேடியோவுல சொல்லு, ஆம்புலன்ஸ் வரச்சொல்லு, இப்பவே!" என் போன் ஜெயில் வாசல் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. யாரும் உள்ளே கொண்டுவரக் கூடாது.

"அதையும் சொன்னாங்க மிஸ், போன தடவை." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் கண் காலின் மேல் விழுந்துவிட்டது. விழுந்த கண்ணை அவனால் எடுக்க முடியவில்லை. இப்போதுதான் அவனுக்கும் வாடை எட்டியதுபோல மூக்கு விடைத்தது. சிரிப்பு முகத்திலேயே இருந்தது, இறக்கி வைக்க இடம் தெரியாமல். கை தோளில் இருந்த ரேடியோவுக்குப் போனது. கட்டைவிரல் பொத்தானின் மேல் நின்றது, அழுத்தவில்லை.

"மிஸ்," என்றான் ரகசியக் குரலில். "எது அசல், எது ஒத்திகைன்னு எங்களுக்கும் சொல்ல மாட்டாங்க. போன தடவை நடிக்க வந்த மேக்ஸினை அசல்னு நம்பி ஆம்புலன்ஸுக்கு சொன்னான்னு எங்காளு ஒருத்தனுக்கு வேலை போச்சு. இது... என்னைய டெஸ்ட் பண்றீங்களா?"

"இல்லடா."

"சத்தியமா?"

"சத்தியமா. டெஸ், சரின்னு சொல்லுங்க. அவன் காதுல விழற மாதிரி சொல்லுங்க."

டெஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் கழற்றின சாக்ஸைக் கையில் எடுத்தார். சின்னக் குழந்தைக்குப் போட்டுவிடுகிற மாதிரி, இரண்டு கட்டைவிரல்களாலும் அதன் வாயை அகலமாக விரித்தார். கறுத்த காலைத் தரையிலிருந்து மெதுவாகத் தூக்கினார். தூக்கினபடியே வைத்துக்கொண்டு, கீரனின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.